மூன்றாம் குழு எழுதிய பக்கம்

அன்று காலை முதலில் விசாரிக்கப்பட்டது என் இடியப்பப் பார்சல்தான். வெள்ளவத்தையில், கடலோர வீதியான மரைன் டிரைவில் ஓட்டோவை விட்டு இறங்கியதும், மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்த சிப்பாய் அதைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். சம்பலை நெடுநேரம் பார்த்தார். எங்கள் வீட்டுச் சம்பல் வெடிக்கக்கூடியதுதான், ஆனால் சாப்பிட்ட பிறகுதான் வெடிக்கும்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

"இஸ்கோலெட்ட மல்லி," பள்ளிக்கூடத்துக்குத்தான் தம்பி என்று சொல்லிக்கொண்டே என் முதலாளி டோரின் மிஸ் தன் கைப்பையைத் தானே கவிழ்த்துக் காட்டினார். விழுந்த இனிப்பு ஒன்றை எடுத்துச் சிப்பாயிடமே கொடுத்தார். அவர் சிரித்துக்கொண்டு வழிவிட்டார். என்னைப் பார்த்து மட்டும் சிரிக்கவில்லை.

ஞானச்சுடர் கல்லூரியின் பின்வாசல் அந்தக் காவலரணுக்கு நேர் எதிரே இருக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிற ஒழுங்கை ஒரு சிறு தெரு, அதன் மேல்முனை காலி வீதி, கீழ்முனை மரைன் டிரைவ், அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கீழ்வாசலால் வந்து, புத்தகப்பையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் சிப்பாய்க்குத் திறந்து காட்டிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறார்கள். போர் உச்சத்திலிருந்த 2008ஆம் ஆண்டு. பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தலைக் கண்டு ஒரு சந்தியே காலியாகிவிடுகிற காலம். அந்தக் காலத்தில்தான் இந்தப் பள்ளிக்கூடம் இணையத்தில் ஏறி உலகத்தோடு கதைக்கத் தொடங்கியிருந்தது.

என் முதலாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டோரின் மிஸ் கொட்டாஞ்சேனைக்காரி. மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம், 'அந்தரங்க விசாரணைகள்' என்று பலகை. கொலை, கொள்ளை எதுவும் எங்களைத் தேடி வருவதில்லை. வருவதெல்லாம் வெளிநாட்டு மாப்பிள்ளைகள். கனடா மாப்பிள்ளை சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, பாரிஸ் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பெண்சாதி இருக்கிறாளா என்று வெள்ளவத்தைத் தாய் தகப்பன்மார் கேட்பார்கள். மிஸ் தொலைபேசியிலேயே பிடித்துவிடுவார். போன வருசம்கூட கொழும்புக்கு வந்தேன் என்று சொன்ன ஒரு மாப்பிள்ளையிடம், வந்தபோது எங்கே சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். அவர் சொன்ன கடை எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்துபோனது. கல்யாணமும் அதோடு போனது.

அந்தக் கல்யாணப் பெண்ணின் தங்கைதான் மீனாள். செட்டியார் தெரு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, ஞானச்சுடரில் கணினி ஆசிரியை. முதல்நாள் மாலை மிஸ்ஸைத் தொலைபேசியில் கூப்பிட்டு அழுதது அவள்தான்.

கணினி அறை வாசலில் 'பாதணிகளைக் கழற்றவும்' என்று எழுதியிருந்தது. கொழும்பில் கோயிலுக்கு அடுத்தபடியாகச் செருப்பைக் கழற்றுகிற இடம் இதுதான். உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் பூப்போட்ட துணியில் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். மீனாள் ஒரு கணினிக்கு முன்னால் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அதிபர் இன்னும் வரல்ல. பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள ஒரு பிள்ளையின்ட பேரைக் குடுக்கணும், இல்லாட்டி என்ட பேரைக் குடுக்கிறதாச் சொல்லியிருக்கார்," என்றாள்.

"ஆருக்கு?" என்றேன்.

"நேத்து வந்த பெரிய அதிகாரிக்கு. அவர் யாருக்குக் குடுப்பார் என்று உங்களுக்கு விளங்கும்தானே."

விளங்கியது. அந்த வருசம் ஒரு தமிழ்ப் பெயரைக் கொடுத்தால், பெயருக்குரிய ஆள் வீட்டுக்குத் திரும்ப எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். திரும்பாமலும் போகலாம்.

கதவு திறந்தது. அதிபர் சிவபாதசுந்தரம் உள்ளே வந்தார். முதலில் கைக்குட்டை, பிறகு வயிறு, அதன்பிறகு அவர். காலுறையில் பெருவிரல் எட்டிப்பார்த்தது.

"கல்கிசையில இருந்து வெள்ளவத்தைக்கு வாறதுக்குள்ள சீவன் போகுது. தெகிவளைப் பாலத்தில இறக்கி, டிக்கியத் திறக்கச் சொல்லி, சீட்டைத் தூக்கச் சொல்லி... நான் ஒரு பள்ளிக்கூட அதிபர் எண்டு சொன்னாலும் கேக்கிறாங்களே! நீங்கள்தான் அந்தக் கலியாண விசாரணைக்காரியோ?"

"ஓம் சேர். இது யோகநாதன், என்னோட வேல செய்றவர்," என்றார் மிஸ்.

"நல்லது. மாப்பிள்ளை பாக்க வேண்டிய வயசில இந்தப் பிள்ளை எனக்கு என்ன செய்துவைச்சிருக்கிறா எண்டு பாருங்கோ."

மீனாள் செய்துவைத்தது இதுதான். ஆறு மாதத்துக்கு முன் வகுப்புக்கு ஒரு வலைப்பதிவும் ஒரு விக்கியும் தொடங்கினாள். வலைப்பதிவில் பிள்ளைகள் எழுதுவார்கள், மற்றப் பிள்ளைகள் கீழே கருத்துச் சொல்வார்கள். விக்கியில் ஒரு குழுவுக்கு ஒரு பக்கம். குழுவில் யாரும் அதைத் திறந்து எழுதலாம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். குழுவுக்கு ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அதிபருக்கு முதலில் இதெல்லாம் விளையாட்டு என்ற எண்ணம். 'மாணவர் தம் கரங்களால் படைத்த சிறந்த இணையப் பக்கம்' என்று ஒரு போட்டி அறிவிக்கப்பட்ட பிறகு மேடைக்கு மேடை அதைப் பற்றியே பேசினார்.

மிஸ் கணினிக்கு முன் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்தார். நானும் தோளுக்கு மேலால் படித்தேன். முதலாம் குழுவின் 'எங்கள் பூனைக்குட்டி' என்ற பக்கம் இரண்டாவது பந்தியிலேயே பணவீக்கத்துக்கும் வட்டி வீதத்துக்கும் போயிருந்தது.

"இதை எழுதின பூனை எந்த வங்கியில மனேஜர்?" என்றேன்.

மீனாளுக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு பிள்ளையின்ட அப்பா. எல்லாம் அப்பிடித்தான். ரெண்டாம் குழுவுக்கு டியூஷன் மாஸ்டர். நாலாம் குழுவுக்குக் கொமியுனிகேஷன் கடை அண்ணா, தட்டச்சுக் காசும் வாங்கிக்கொண்டு எழுதிக் குடுக்கிறார். பிள்ளைகள் எழுதினது கருத்துப் பகுதியில மட்டும்தான். போன மாசம் ஒரு பிள்ளை திடீரென்று லண்டனுக்குப் போயிட்டா. இவங்க அவளுக்கு அதில எழுதுறாங்க. உன்ட கதிரையில நாங்க ஆரையும் இருக்க விடல்ல என்று. அதைப் பாக்கத்தான் நான் இதைத் தொடங்கினேன்."

"பெற்றோரின் பங்களிப்பு," என்றார் அதிபர், தொண்டையைச் செருமிக்கொண்டு.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுப்பாடத்தைத் தகப்பன் எழுதி, பரிசைப் பள்ளிக்கூடம் வாங்கி, பழி வரும்போது மட்டும் அது பிள்ளையின் கையெழுத்தாகிவிடுகிறது.

"மூண்டாம் குழு?" என்றார் மிஸ்.

மீனாள் 'எங்கள் தெரு' என்ற பக்கத்தைத் திறந்தாள். முதல்நாள் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில், போட்டிக்கு அனுப்பப் போகிறது என்று பெரிய திரையில் காட்டப்பட்ட பக்கம். பிரதம விருந்தினரான அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் காதோடு மொழிபெயர்த்திருக்கிறார். மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அதிகாரி கேக் சாப்பிடுவதை நிறுத்தியிருக்கிறார்.

மிஸ் வாய்விட்டுப் படித்தார்:

"'கல்கிசைச் சந்தியில் ஒரு காவல். அங்கே அடையாள அட்டையை மட்டும் பார்ப்பார்கள். தெகிவளைச் சந்தியில் இன்னொன்று. தெகிவளைப் பாலத்தில் நிற்பவர்கள்தான் பொல்லாதவர்கள், இறக்கிச் சோதிப்பார்கள். எங்கள் தெரு தொடங்குகிற காலி வீதி முனையில் மேலும் ஒன்று. எங்கள் தெரு முடிகிற இடத்தில் தண்டவாளம், அதைத் தாண்டினால் கடல். தமிழா, இன்னும் எத்தனை நாளைக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கப் போகிறாய்? வெட்கமில்லையா உனக்கு? எழு!'"

"ஐயோ, சத்தமாப் படியாதேங்கோ!" அதிபர் கதவைச் சாத்தினார். "காவலரண் எல்லாத்தையும் வரிசையா எழுதி வைச்சிருக்கு. இதை வேவு பாக்கிறது எண்டுதான் சொல்லுவாங்கள். குழுவில நாலு பிள்ளையள். நாலில ஒண்டுதான் எழுதியிருக்கும். எது எண்டு டீச்சருக்குத் தெரியும், சொல்லுறா இல்லை."

"எனக்குத் தெரியாது சேர். தெரிஞ்சாலும் பிள்ளையின்ட பேரை நான் குடுக்க மாட்டேன்," என்றாள் மீனாள். அழுகை நின்றிருந்தது.

"அப்ப நீர்தான் போக வேண்டி வரும். பக்கத்துக்குச் சொந்தக்காரி நீர்."

"எந்தக் கொம்பியூட்டரில இருந்து எழுதினது எண்டு கண்டுபிடிக்க ஏலாதோ?" என்றேன்.

"விக்கியில குழு மூன்று என்று மட்டும்தான் காட்டும். மிச்சத்தை அமெரிக்காவில இருக்கிற கொம்பனியத்தான் கேக்கணும்," என்றாள் மீனாள்.

"அவங்க மறுமொழி போடுறதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆகிடுவீங்க," என்றார் மிஸ். பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் பார்க்கும்போது பேசினால் அந்த மாதச் சம்பளம் பிந்தும்.

"யோகன், இண்டைக்குக் காலையில உங்கட இடியப்பத்தத் தோண்டிப் பாத்தது ஆரு?"

"கீழ்வாசல் சிப்பாய்."

"அவர் இந்தப் பக்கத்தில எங்க?"

நான் மறுபடி படித்தேன். கல்கிசை இருந்தது. தெகிவளை இருந்தது. பாலம் இருந்தது. காலி வீதி முனை இருந்தது. பள்ளிக்கூடத்து வாசலிலேயே நிற்கிற காவலரண் இல்லை. காவலரண் மட்டுமா, மரைன் டிரைவே இல்லை. தெரு நேரே தண்டவாளத்தில் போய் முடிந்தது.

"மறந்திருப்பாங்கள்," என்றேன்.

"காவலரணப் பத்தி எழுத உக்காந்த பிள்ள, ஒவ்வொரு நாளும் தன்ட சாப்பாட்டுப் பெட்டியத் திறந்து காட்டுற காவலரண மறந்துபோகுமா? குழுப் பிள்ளைகளக் கூப்பிடுங்க மீனாள்."

அதிபர், தனக்குக் கூட்டம் இருக்கிறது என்று எழுந்தார். "இருங்க சேர், எனக்குச் சாட்சி வேணும்," என்று மிஸ் அவரைத் திரும்ப உட்காரவைத்தார்.

இரண்டு பையன்கள், இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். பயத்தில் மூன்று பேர் வாயே திறக்கவில்லை. பேசியது பைறோஸா என்ற பிள்ளைதான். வெள்ளை முக்காடு, நேரே பார்க்கிற கண்.

"நாங்க எழுதல்ல மிஸ். எங்கட வீட்டுல கொம்பியூட்டரே இல்ல. எழுதத் தேவையில்ல, நீங்க பேரை மட்டும் தாங்க எண்டுதான் எங்களுக்குச் சொன்னாங்க."

"ஆரு சொன்னது?"

பைறோஸா அதிபரைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். "எல்லாரும் அப்பிடித்தான் மிஸ்."

"சரி. உங்களுக்கெல்லாம் வெளிநாட்டில ஆராவது இருக்கினமா?" என்று மிஸ் கேட்டார்.

கேட்டிருக்கக்கூடாது. ஒரு பையனுக்குப் பாரிஸில் மாமா. இன்னொருவனுக்குச் சுவிஸில் அண்ணன், நோர்வேயில் சித்தப்பா. மற்றப் பெண்பிள்ளைக்குச் சிட்னியில் பாதிக் குடும்பம். பைறோஸாவின் வாப்பா டோஹாவில். வெள்ளவத்தையில் வெளிநாட்டில் ஆளில்லாத வீடு என்றால் அது நாய்க்கூடுதான்.

"மிஸ், இது கலியாண விசாரணை இல்லை," என்று காதில் சொன்னேன்.

"இதுவும் அதேதான் யோகன். மரைன் டிரைவ் போடாத காலத்தில இந்த ஒழுங்கையில இருந்தவன், அதுக்குப் பிறகு திரும்பி வராதவன். அவனுக்கு இந்தத் தெரு தண்டவாளத்திலதான் முடியும். இதை எழுதினது வெளிநாட்டில."

எனக்கு உற்சாகம் வந்தது. அது உடனே போகவும் செய்தது. "அப்பிடியெண்டா மற்றக் காவலெல்லாம் எப்பிடித் தெரியும்? பாலத்தில இறக்குவாங்கள், கல்கிசையில அட்டை மட்டும் பாப்பாங்கள் எண்டு அங்க இருக்கிறவனுக்கு ஆர் சொன்னது?"

"நல்ல கேள்வி." மிஸ் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "நீங்க ஸ்கூலுக்கு எப்பிடி வாறது?"

இரண்டு பேர் பக்கத்து ஒழுங்கையிலிருந்து மரைன் டிரைவால் நடந்து. ஒருவன் பம்பலப்பிட்டியிலிருந்து அதே வீதியால் சைக்கிளில். பைறோஸா மட்டக்குளியிலிருந்து, வடக்கே இருந்து, இரண்டு பஸ் மாறி. தெகிவளைப் பாலத்தைக் காலையில் ஒருவர்கூடக் கடப்பதில்லை.

அறையில் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதிபருக்கு மட்டும் வியர்த்தது.

"நீங்க வகுப்புக்குப் போங்க பிள்ளைகள்," என்றார் மிஸ். அவர்கள் போனதும் பக்கத்தின் மேலே இருந்த குழுப் புகைப்படத்தைப் பெரிதாக்கினார். நாலு பிள்ளைகளும் காலைப் பிரார்த்தனைக்கு நிற்பதுபோலக் கையைக் கீழே விட்டுக்கொண்டு நின்றார்கள். "யோகன், இதில எத்தின கை?"

"நாலு பேருக்கு எட்டு." சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன். ஓரத்தில் நின்ற பைறோஸாவின் தோளில் இன்னொரு கை இருந்தது. தங்கக் காப்புப் போட்ட கை. கைக்குரிய ஆள் படத்தில் இல்லை.

"பைறோஸாவுக்குத் தோளில முளைச்சிருக்கு," என்றேன்.

"மீனாள், இந்தப் படத்த ஆரு மாத்தினது?"

"சேர்தான். நேத்து விழா முடிஞ்சு, படம் தெளிவில்ல என்று என்னை வெளியில அனுப்பிட்டு அவரே மாத்தினார். நான் பாக்கவே இல்ல..." மீனாள் நிறுத்தினாள். மெல்ல அதிபரை நோக்கித் திரும்பினாள். "சேர் நாலு என்று சொன்னப்போ வராத பிள்ளையை விட்டுட்டுச் சொல்றார் என்றுதான் நினைச்சேன். மதுரங்கி எங்க சேர்?"

"பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டில படுத்திருக்கு," என்றார் அதிபர்.

மதுரங்கி அவருடைய மகள். மூன்றாம் குழுவின் ஐந்தாவது பிள்ளை. நாலில் ஒன்று, நாலில் ஒன்று என்று காலையிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருந்தது அதனால்தான்.

"என்ர மகளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!" அதிபர் எழுந்தார். "அதால அவளின்ர படத்தை எடுத்தனான். எந்தத் தகப்பனும் செய்யிறதைத்தான் செய்தனான். அவள் எழுதேல்லை. கோயிலில சத்தியம் பண்ணுவன்."

"அவ எழுதல்ல எண்டு எனக்கும் தெரியும் சேர். மீனாள், இந்தப் பக்கத்துக்கு அடியில ஒரு வரி போடுங்க. 'தெரு முடியும் இடத்தைப் பற்றி இன்னும் விவரமாக எழுதினால் முதற்பரிசு நிச்சயம்.' பக்கத்தில ஏதாவது மாறினா, எழுதினவருக்குத் தெரியவருமா?"

"கணக்கில குடுத்த மின்னஞ்சலுக்கு உடனே செய்தி போகும்."

"அந்த மின்னஞ்சல் ஆரின்ட?"

"மூன்றாம் குழுவின்ட கணக்கை சேர்தான் ஏதோ ஒரு மின்னஞ்சல் போட்டுத் திறந்து தந்தார்," என்றாள் மீனாள்.

அவள் அந்த வரியைப் போட்டாள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நான் இடியப்பத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அதிபர் சட்டைப் பையில் கைவைத்து எதையோ தேடினார், கைபேசியை அணைக்கத்தான் தேடினார் என்று பிறகு விளங்கியது. பிந்திவிட்டார். பைக்குள் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

அதிபர் அழைப்பைத் துண்டித்தார். திரும்பவும் மணி அடித்தது.

"எடுங்க சேர். எங்களுக்கும் கேக்கிற மாதிரி," என்றார் மிஸ்.

அவர் எடுக்கவில்லை. நான்தான் அவர் கையிலிருந்து வாங்கிப் பொத்தானை அழுத்தி மேசையில் வைத்தேன். என் வாழ்க்கையில் ஓர் அதிபரிடம் நான் பறித்த முதற்பொருள் அது.

"அண்ணை!" அறை முழுவதும் கேட்டது. "பக்கத்தில ஏதோ கேட்டிருக்கினம். முதற்பரிசாம். நான் இப்ப டியூட்டியில நிக்கிறன், இஞ்ச சாமம், கேற்றில ஒரு வாகனமும் இல்லை. என்ன எழுதட்டும்? போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பாலத்தில பட்ட பாட்டைச் சொன்னீங்கள்தானே, அதை அப்பிடியே போட்டனான், எப்பிடி? கடைசியில ஒரு சூடு வைச்சனான் பாத்தனீங்களோ? அங்க இருக்கிறவைக்கு ரோசம் வரவேணும் அண்ணை. சரி, கார் ஒண்டு வருது, பாஸ் பாக்கவேணும், பிறகு எடுக்கிறன்."

தொடர்பு அறுந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாயே என்று எங்களுக்கு வெட்கம் சொல்லித்தந்த வீரர், கனடாவில் ஒரு வாசலில் நின்று வருகிறவர்களின் பாஸைப் பார்க்கிற காவலாளி. குளிர்ச்சட்டைக்குள்ளிருந்து அவர் வைத்த சூடு, கடல் கடந்து வந்து மீனாளின் கழுத்தில் விழுந்திருந்தது.

அதிபர் கதிரையில் சரிந்தார். "என்ர தம்பி வரதராசா. இந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சவன். இந்த ஒழுங்கையிலதான் அப்ப எங்கட வீடு. எண்பத்து மூண்டில கனடாவுக்குப் போனவன், திரும்பி வரேல்லை. தமிழ் நல்லா எழுதுவான். பரிசு எடுக்கவேணும் எண்டு பாஸ்வேட்டைக் குடுத்தனான். இப்பிடி எழுதுவான் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை."

"நேத்துத் திரையில பாத்தோன உங்களுக்குத் தெரிஞ்சிட்டு," என்றார் மிஸ். "உங்கட வாயில இருந்து போன சொல்லு. உங்கட கார் வாற வழி, ஒண்டுவிடாம வரிசையா. தெரிஞ்சுகொண்டுதான் இந்தப் பிள்ளையிட்டப் பேர் கேட்டீங்க."

மீனாள் அதிபரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைக் குடுத்திருப்பீங்களா சேர்?" என்று கேட்டாள்.

"எனக்கொரு பொம்பிளைப்பிள்ளை இருக்கு, மீனாள்."

"நானும் ஒருத்தருக்குப் பொம்பிளைப்பிள்ளைதான்."

அந்த மனிதரைக் காலுறையோடு தூக்கி மரைன் டிரைவில் போட வேண்டும் போலிருந்தது.

மிஸ் கைபேசியை அதிபரின் பக்கம் தள்ளினார். "பேர் ஒண்டு கேட்டவங்க. உங்களிட்டப் பேர் ஒண்டு இருக்கு. பழைய மாணவர், வெளிநாட்டில இருக்கிறார், பாஸ்வேட் எப்பிடியோ கைக்குப் போயிட்டு, அங்க இருந்து எழுதிப்போட்டார். ஸ்கூலில உள்ள ஒருத்தருக்கும் சம்பந்தமில்ல. எல்லாம் உண்மை. தம்பி எண்டதச் சொல்ல வேணுமா வேணாமா எண்டது உங்கட பாடு. அவர ஆரும் அங்க போய்த் தொட ஏலாது."

"அவன் ஆவணியில வாறான்." அதிபரின் குரல் உடைந்தது. "மதுரங்கியின்ர அரங்கேற்றத்துக்கு. இருபத்தஞ்சு வருசத்துக்குப் பிறகு. டிக்கெற் போட்டிட்டான். இந்தப் பேர் அவங்களிட்டப் போனால், எயாப்போட்டில இறங்கவே ஏலாது."

"ஓம்," என்றார் மிஸ். "ஏலாதுதான்."

பெரிய வகுப்புப் பிள்ளைகள் எங்கோ ஒரே குரலில் தேவாரம் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட நேரம் நெருங்கியிருந்தது. மீனாள் தன் கைப்பையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பெயர் போனாலும் எழுந்து நடக்கத் தயாரான பெண்ணைப் போல.

அதிபர் கைபேசியை எடுத்து இலக்கங்களை அழுத்தினார். மறுமுனையில் ஆள் வந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு சிங்களத்தில் பேசினார். வணக்கம் சொன்னார், மன்னிப்புக் கேட்டார், பழைய மாணவன் என்றார். பிறகு, "நம லியாகன்ன சேர்," பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி நிறுத்தினார். அவர் மீனாளைப் பார்த்தார். கண்ணை மூடினார். தம்பியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். மறுமுனைக்கு விளங்காமல் திரும்பவும் சொல்ல வைத்தார்கள். திரும்பவும் சொன்னார்.

வைத்துவிட்டு, இனி வகுப்புக்குப் போகலாம் என்று மீனாளுக்குக் கையால் காட்டினார். பிறகு எழுந்து வெளியே போனார். வாசலில் சப்பாத்தைப் போட மறந்துவிட்டார்.

"சேர் படத்தில இருந்து வெட்டின பிள்ளையத் திரும்பப் போடவா?" என்று மீனாள் கேட்டாள்.

"பக்கத்தையே எடுத்துப்போடுங்க," என்றார் மிஸ்.

அழிப்பதற்காகப் பக்கத்தைப் புதுப்பித்தபோது அடியில் புதிதாக நாலு வரி ஏறியிருந்தது. வாகனத்தின் பாஸைப் பார்த்துவிட்டு வரதராசா எழுதியிருந்தார்:

'எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு மதில். மதிலில் ஒரு கல் பெயர்ந்திருக்கும். அதில் கால்வைத்து ஏறிக் குதித்தால் தண்டவாளம். ஆவணியில் வரும்போது அந்தக் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.'

எழு என்று இல்லை. தமிழா என்றும் இல்லை.

"முழுப் பக்கத்திலயும் இதுதான் நல்ல எழுத்து. இதை முதலிலேயே எழுதியிருந்தா நான் முழு மார்க் குடுத்திருப்பேன்," என்றாள் மீனாள். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள்.

நாங்கள் கீழ்வாசலால் வெளியே வந்தோம். அதே சிப்பாய் அதே இடியப்பத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். வரதராசா மேல் எனக்கிருந்த கோபம் குறையவில்லை. ஆனாலும் ஒழுங்கை முடிகிற இடத்தை நன்றாகப் பார்த்தேன். தார் வீதி, மணல் மூட்டை, கம்பிச் சுருள்.

"மல்லி, மெதன இஸ்ஸர தாப்பயக் திபுணாத?" இங்கே முந்தி ஒரு மதில் இருந்ததா என்று மிஸ் சிப்பாயிடம் கேட்டார்.

அவர் தன் காலடியைச் சுற்றிப் பார்த்தார். எங்கோ தூரத்து ஊரிலிருந்து வந்த பையன். காலையில் மிஸ் கொடுத்த இனிப்பின் தாள் இன்னும் அவர் கையில் இருந்தது.

"தன்னே நே மிஸ்," தெரியாது என்று சொல்லிவிட்டு, என் பார்சலை மூடித் தந்தார்.